சிறிய இடத்தில் மாதிரித் தொடருந்துத் தளவமைப்பு

சிறிய இடத்தில் மாதிரித் தொடருந்துத் தளவமைப்பு என்பது, தனி அறையோ கொட்டகையோ ஒதுக்க இயலாத வீடுகளில், அலமாரித் தட்டு, மேசை, சுவரோரப் பலகை போன்ற குறுகிய பரப்பில் இயங்கக்கூடிய மாதிரித் தொடருந்துப் பாதையைத் திட்டமிட்டு அமைப்பதைக் குறிக்கும். மெய்யான தொடருந்துகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்து ஓட்டும் பொழுதுபோக்கே மாதிரித் தொடருந்து ஆகும். தண்டவாளம், நிலையம், கட்டடங்கள், நிலக்காட்சி ஆகியவை ஒரு பலகையின் மேல் ஒருங்கே அமைந்த முழு அமைப்பு தளவமைப்பு எனப்படுகின்றது.

முதன்முறையாக இதில் ஈடுபடுவோர் தொடங்கும் தளவமைப்புகள் பாதியில் கைவிடப்படுவது இத்துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று. இதற்கு இடமின்மையே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. ஆனால், இருக்கும் இடத்துக்குப் பொருந்தாத தொடருந்தைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சிறிய இடத்தில் முதலில் தீர்ந்துபோவது பரப்பளவைவிட நீளமே. எனவே ஓட்டப்போகும் தொடருந்தின் நீளத்தை முதலில் முடிவு செய்து, மற்ற எல்லா அளவுகளையும் அதிலிருந்து பெறுவது பயனுள்ள முறையாகும். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் பலகையிலும் முழுமையாக இயங்கும் தளவமைப்பை அமைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் பின்னர் விளக்கப்படும் இங்கில்நூக் அமைப்பு காட்டுகின்றது.

பின்னணி

தொடக்க காலப் பொம்மைத் தொடருந்துகளுக்குப் பொதுவான அளவு எதுவும் இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓடாது. 1891 ஆம் ஆண்டு செருமனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் எண்ணிடப்பட்ட பாதை அகலங்களை அறிமுகப்படுத்தியது. அவற்றிலும் சிறியதாகப் பின்னர் வந்த 32 மிமீ அகலப் பாதைக்குச் சுழியம் என்ற எண் தரப்பட்டது. அந்தச் சுழியமே நாளடைவில் "ஓ" என்னும் எழுத்தாக வழங்கலாயிற்று. ஓ அளவுத் தொடருந்துகளைத் தரையில் பரப்பி ஓட்டவே பலரால் முடிந்தது. விளையாடி முடிந்ததும் பிரித்துப் பெட்டியில் வைத்துவிடுவர்.

1922 இல் செருமனியின் பிங் நிறுவனம் 16.5 மிமீ பாதை அகலம் கொண்ட "மேசைத் தொடருந்தை" வெளியிட்டது. பிரித்தானியாவில் அது பாசெட்-லோக் நிறுவனத்தின் வழி விற்கப்பட்டது. தொடருந்து தரையிலிருந்து மேசைக்கு ஏறியதும் அங்கேயே நிலையாக இருக்கவும், அதனைச் சுற்றி ஊரும் மலையும் எழவும் வாய்ப்பு உண்டாயிற்று. 1935 இல் டிரிக்ஸ், 1938 இல் ஆர்ன்பி டப்ளோ ஆகியவை இவ்வகலத்தைப் பரவலாக்கின.

அளவுவிகிதமும் பாதை அகலமும்

புதியவர்களைக் குழப்பும் இரண்டு சொற்கள் இவை. மெய்யான பொருள் எத்தனை மடங்கு சுருக்கப்பட்டது என்பது அளவுவிகிதம். இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் பாதை அகலம். ஒரே பாதை அகலத்தில் வெவ்வேறு அளவுவிகிதங்கள் ஓடலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எச்ஓ, ஓஓ ஆகிய இரண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் பரவலாக உள்ள எச்ஓ 1:87 விகிதம் உடையது. பிரித்தானியாவின் ஓஓ 1:76.2, அதாவது மெய்யான ஓர் அடிக்கு 4 மிமீ. இரண்டும் 16.5 மிமீ பாதையிலேயே ஓடுகின்றன. பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடக் குறுகலானவை என்பதால், அக்கால மின்னோடிகள் 1:87 அளவிலான பிரித்தானிய எஞ்சின்களுக்குள் அடங்கவில்லை. தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டனர். விளைவாக, 18.83 மிமீ இருக்க வேண்டிய பாதை 16.5 மிமீ மட்டுமே உள்ளது. ஓஓ தொடருந்தை முன்புறமிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் நெருக்கமாகத் தெரிவதன் காரணம் இதுவே. முதல் தளவமைப்பை அமைப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இவற்றினும் சிறியவற்றுள் டிடி அளவு 1:120 விகிதமும் 12 மிமீ பாதையும் உடையது. பிரித்தானியாவில் ஆர்ன்பி நிறுவனம் 2022 இல் இவ்வளவை அறிமுகப்படுத்தியது. என் அளவின் பாதை 9 மிமீ. அதன் விகிதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160, பிரித்தானியாவில் 1:148, சப்பானில் பெரும்பாலும் 1:150. மார்க்லின் 1972 இல் வெளியிட்ட இசட் அளவு 1:220 விகிதமும் 6.5 மிமீ பாதையும் கொண்டது.

இடம் குறைவு என்றால் இருப்பதிலேயே சிறிய அளவை எடுப்பதே முறை என்று தோன்றலாம். அது பாதி மட்டுமே சரியானது. ஓடும் தொடருந்தை அமர்ந்து பார்ப்பது ஒருவரின் விருப்பமாயின் என் அளவு சிறந்தது. ஒரே பெட்டியை இணைத்தும் கழற்றியும் கையாளுவதே விருப்பமாயின், சிறிய பெட்டிகளின் இணைப்புக் கொக்கிகள் கண்ணுக்கும் விரலுக்கும் எளிதில் அகப்படா. மேலும் எடை குறைந்த சிறு எஞ்சின்கள், தண்டவாளத்தில் சிறிது தூசி படிந்தாலும் மின்தொடர்பு இழந்து நின்றுவிடும். குறைந்த நீளத்தில் பெரிய அளவும், அதிக நீளத்தில் சிறிய அளவும் பொருந்துவது முரணாகத் தோன்றினும் நடைமுறையில் அதுவே காணப்படுகின்றது.

நீளக் கணக்கு

பிரித்தானியாவின் மார்க்-1 வகைப் பயணிகள் பெட்டி 64 அடி 6 அங்குல நீளம் உடையது. ஓஓ அளவில் அது 258 மிமீ. இணைப்பு இடைவெளியையும் சேர்த்து 265 மிமீ எனக் கொண்டால், பத்துப் பெட்டிகள் 2.65 மீட்டர். எஞ்சினையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.9 மீட்டர். அது நிற்பதற்கான நடைமேடையே பல வீடுகளில் ஒரு சுவரின் முழு நீளத்தையும் எடுத்துக்கொள்ளும். நிலையத்தை விட்டு வெளியேற இடம் இராது. அதாவது ஒரு விரைவுத் தொடருந்தை வாங்கும் நொடியிலேயே அறையின் அளவும் முடிவாகிவிடுகின்றது. கடையில் நிற்கும்போது இது நினைவுக்கு வருவதில்லை.

மாறாக நாற்சக்கரச் சரக்குப் பெட்டி ஒன்று இணைப்போடு ஏறத்தாழ 80 மிமீ மட்டுமே. சிறிய ஆறுசக்கர எஞ்சின் 120 மிமீ அளவில் இருக்கும். ஐந்து பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து 520 மிமீ. மேற்கண்ட விரைவுத் தொடருந்தின் இரண்டு பெட்டிகளுக்கு இது சமம். பார்ப்பவர் கண்ணுக்கோ ஆறு வண்டிகள் கொண்ட முழுத் தொடருந்தாகவே தெரியும். சிறிய தளவமைப்புகளில் கிளைப் பாதைகளும், துறைமுகங்களும், கல்குவாரிகளும், ஆலை முற்றங்களும் அடிக்கடி இடம்பெறுவதன் காரணம் இந்தக் கணக்கே. மெய்யான உலகிலும் அவ்விடங்களில் தொடருந்துகள் குட்டையானவை. எனவே எதையும் செயற்கையாக வெட்டிக் குறைத்தது போன்ற தோற்றம் எழுவதில்லை.

வட்டப் பாதை

தொடக்கநிலைப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் நீள்வட்டப் பாதை. ஓஓ அளவில் ஆர்ன்பியின் முதல்நிலை வளைவின் ஆரம் 371 மிமீ, இரண்டாம்நிலை 438 மிமீ. முதல்நிலை வளைவில் வட்டத்தின் விட்டம் 742 மிமீ. வளைவில் பெட்டிகள் வெளியே பிதுங்கும் அளவையும் பாதுகாப்பு விளிம்பையும் சேர்த்தால் பலகையின் அகலம் 90 செமீ அளவுக்கேனும் இருக்க வேண்டும். என் அளவில் 228 மிமீ ஆர வளைவு கிடைப்பதால் 60 செமீ அகலம் போதுமானது. நீண்ட எஞ்சின்கள் பல முதல்நிலை வளைவுகளை ஏற்பதில்லை என்பதையும் வாங்கும் முன் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 4 அடிக்கு 8 அடி ஒட்டுப்பலகைத் தாள் ஒன்றை வாங்கி அதன் மேல் எச்ஓ நீள்வட்டம் அமைப்பது நெடுங்கால வழக்கம். கணக்கில் 32 சதுர அடிதான். ஆயினும் மனிதரின் கை வசதியாக எட்டும் தூரம் 60 முதல் 75 செமீ வரையே. நான்கடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பாதியில் தடம்புரண்ட பெட்டியை எடுக்க இயலாது. எனவே சுற்றிலும் நடக்க இடம் விட வேண்டும். நாற்புறமும் இரண்டடி விட்டால் 8 அடிக்கு 12 அடி, அதாவது 96 சதுர அடி தேவைப்படும். அதே அறையில் சுவரோரமாக ஓரடி அகலத் தட்டு அமைத்தால், நடுவில் மேசையும் நாற்காலியும் போட்டுக்கொண்டே பன்மடங்கு நீளமான பாதையைப் பெறலாம்.

என் அளவில் உள்கூடு உள்ள ஆயத்தக் கதவு ஒன்றை அடிப்பலகையாகப் பயன்படுத்துவதும் உண்டு. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 75 முதல் 90 செமீ அகலமும் உள்ள கதவு எடை குறைவானது, வளையாதது, ஓரம் முடிக்கப்பட்டது. தச்சு வேலை தெரியாதவர்க்கு இது நல்ல வழி.

நீள்வட்டத்தில் மேம்பாலம் ஒன்றைச் சேர்க்க விரும்பாதவர் குறைவு. ஓஓ அளவில் ஒரு பாதை மற்றொன்றின் மேலே கடக்க ஏறத்தாழ 70 மிமீ உயர வேண்டும். 3 விழுக்காடு சாய்வே சிறிய எஞ்சின்களுக்குக் கடினமானது. அச்சாய்விலும் ஏறுவதற்கு 2.3 மீட்டரும், திரும்ப இறங்குவதற்கு அதே அளவும் தேவை. சிறிய இடத்தில் மேம்பாலத்தை மறந்துவிடுதல் நலம்.

முனைய நிலையமும் மறைவு யார்டும்

பிரித்தானிய இதழான ரெயில்வே மாடலரின் ஆசிரியராக இருந்த சிரில் ஃப்ரீசர், சிறிய வீடுகளுக்கான பல வரைபடங்களை வெளியிட்டார். அவற்றுள் 1957 ஏப்ரல் இதழில் வந்த மைனரீஸ் என்னும் வரைபடம் மிகவும் புகழ்பெற்றது. லண்டன் நகரத் தெரு ஒன்றின் பெயர் கொண்ட இது, இரட்டைப் பாதை வந்து சேரும் மூன்று நடைமேடைப் புறநகர் முனையம் ஆகும். எந்த நடைமேடைக்கும் தொடருந்து உள்ளே வரவும் வெளியேறவும் முடியும். அவ்வாறு செல்லும்போது பெட்டிகள் இடமும் வலமுமாக உடனுக்குடன் முறுக்கிக்கொள்ளாத வகையில் அதன் பாதைமாற்றிகள் அடுக்கப்பட்டுள்ளன. பாதைமாற்றி என இங்கு குறிப்பிடப்படுவது, நடைமுறையில் பாயிண்ட் எனப்படும், ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்பு ஆகும்.

இத்தகைய முனையத்திலிருந்து புறப்படும் தொடருந்து எங்காவது போய்ச் சேர வேண்டும். அதற்காகப் பின்னணிச் சுவருக்கு அப்பால், பார்வையாளர் கண்ணில் படாமல், சில நேர்த்தடங்களை அமைப்பர். இது மறைவு யார்டு எனப்படும். நாட்டின் மற்ற எல்லா நிலையங்களுக்கும் இது ஒன்றே பதிலாள். நாடக மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் நடிகர் காத்திருப்பதைப் போன்றது இது.

இவ்வமைப்பில் தொடருந்தின் நீளம் இருமுறை கணக்கில் வருகின்றது. நடைமேடையில் ஒருமுறை, மறைவு யார்டில் மற்றொரு முறை. இடையில் பாதைமாற்றிகளுக்கான இடம். 2.4 மீட்டர் சுவர் இருக்கின்றது, பாதைமாற்றிகளுக்கு 60 செமீ வேண்டும் எனில், மீதி 1.8 மீட்டரின் பாதியான 90 செமீ தான் தொடருந்தின் உச்ச நீளம். ஓஓ அளவில் சிறிய எஞ்சின் ஒன்றும் பழைய வகைக் குட்டையான பெட்டிகள் மூன்றும் அதில் அடங்கும். நான்காவது பெட்டி வேண்டுமானால் சுவர் ஒரு பெட்டியின் அளவு நீண்டால் போதாது, இரண்டு பெட்டிகளின் அளவு நீள வேண்டும்.

இங்கில்நூக் அமைப்பு

நீளத்தைக் கணக்கிட்டுத் திட்டமிடுவதன் தெளிவான எடுத்துக்காட்டு, பிரித்தானியரான ஆலன் ரைட் உருவாக்கிய இங்கில்நூக் பக்கத்தடங்கள் என்னும் அமைப்பு. வடகிழக்கு இங்கிலாந்தில் ஆனிக்–கார்ன்ஹில் கிளைப் பாதையில் இருந்த கில்லம் என்னும் சிறு இடத்தின் பக்கத்தடங்களே இதற்குத் தூண்டுதலாக அமைந்தன. உலகெங்கும் முதல் தளவமைப்பாக மிகுதியாகப் பரிந்துரைக்கப்படும் அமைப்புகளுள் இது ஒன்று.

இதில் மூன்று பக்கத்தடங்களும் இரண்டு பாதைமாற்றிகளும் மட்டுமே உள்ளன. நீண்ட பக்கத்தடத்தில் ஐந்து பெட்டிகளும், மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். மூன்று தடங்களும் ஒன்றுசேரும் மறுபுறத்தில் எஞ்சினோடு மூன்று பெட்டிகள் மட்டும் நிற்கக்கூடிய ஓர் இழுவைத் தடம் உண்டு. எட்டுப் பெட்டிகள் கையிருப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். அவை எடுக்கப்பட்ட வரிசையிலேயே நீண்ட தடத்தில் நிற்குமாறு பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் அமைக்க வேண்டும். பெட்டிகளைக் கையால் தூக்கக் கூடாது. தொடருந்துத் துறையில் ஷண்டிங் எனப்படும் இவ்வேலையைத்தான் மெய்யான யார்டு ஊழியர்களும் செய்கின்றனர்.

எட்டில் ஐந்தை வரிசையோடு தேர்ந்தெடுக்கும் வழிகள் 8×7×6×5×4, அதாவது 6,720. நாளுக்கு ஒரு தொடருந்து வீதம் அமைத்தாலும், ஒருமுறை வந்தது மீண்டும் வராமல், பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் விளையாடலாம். ஒரே பலகையில் சுற்றிச்சுற்றி வரும் நீள்வட்டம் சில வாரங்களில் சலித்துவிடுவதையும், இரண்டே பாதைமாற்றிகள் கொண்ட இவ்வமைப்பு சலிக்காதிருப்பதையும் இந்த எண் ஓரளவு விளக்குகின்றது.

கணினியியல் பயின்றோர்க்கு இது பழகிய ஒன்றாகத் தோன்றும். ஒருபுறம் மூடிய பக்கத்தடத்தில் கடைசியாக நுழைந்த பெட்டியே முதலில் வெளிவரும். அதாவது ஒவ்வொரு தடமும் அடுக்கு எனப்படும் தரவுக் கட்டமைப்பே ஆகும். இழுவைத் தடமும் அவ்வாறே. கணக்கீட்டுக் கோவைகளை ஒழுங்குபடுத்த எட்சுகர் டைக்ஸ்ட்ரா 1961 இல் உருவாக்கிய படிமுறைக்கு ஷண்டிங் யார்டு என்னும் பெயர் வழங்குவது இந்த ஒப்புமையினால்தான். இங்கில்நூக் வகைப் புதிர்களை எத்தகைய தட நீளங்களில் எப்போதும் தீர்க்க இயலும் என்பதைக் கணிதவியலாளர் சைமன் பிளாக்பர்ன் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஆராய்ந்துள்ளார்.

புதிரின் உயிர் இழுவைத் தடத்தின் நீளத்தில் உள்ளது. தொடக்கத்தில் நீண்ட தடத்தில் ஐந்து பெட்டிகளும் ஒரு குறுந்தடத்தில் மூன்றும் நிற்கின்றன, மற்றொரு குறுந்தடம் காலி எனக் கொள்வோம். நீண்ட தடத்தின் கடைக்கோடியில் இருக்கும் பெட்டி தேவைப்படுகின்றது. எஞ்சின் ஒரு தடவையில் மூன்றைத்தான் இழுக்க முடியும். ஆகவே முன்னால் உள்ள மூன்றைக் காலித் தடத்தில் ஒதுக்கிய பின்னரே அதனை எட்ட இயலும். அப்போது இரு குறுந்தடங்களும் நிறைந்திருக்கும். அடுத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நெருக்கடியானது. இழுவைத் தடம் ஆறு பெட்டிகளுக்கு நீண்டிருந்தால் இந்நெருக்கடி பெரிதும் தளர்ந்துவிடும். இருக்கும் மூன்றில் ஒரு சில மில்லிமீட்டர் குறைந்தாலோ மூன்றாம் பெட்டி பாதைமாற்றியின் மேல் நின்று, அதனைத் திருப்பவே முடியாமற் போகும். இங்கே இடக்குறைவு ஒரு குறையாக இல்லாமல் விளையாட்டின் விதியாகவே மாறிவிடுகின்றது.

ஓஓ அளவில் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இழுவைத் தடத்துக்கு எஞ்சின் 120 மிமீ, மூன்று பெட்டிகள் 240 மிமீ, தளர்வு 20 மிமீ, ஆக 380 மிமீ. பீக்கோ நிறுவனத்தின் சிறிய ஆரப் பாதைமாற்றி 185 மிமீ நீளமும் 12 பாகைக் கோணமும் உடையது. பாதைமாற்றி முடிந்த இடத்தில் இரு தடங்களும் இன்னும் போதிய அளவு விலகியிருக்கா. பக்கத்துத் தடத்தில் செல்லும் பெட்டியோடு உரசாமல் நிற்க மேலும் 80 மிமீ அளவு விட வேண்டும். இதனை உரசல் எல்லை எனலாம். முதல் பாதைமாற்றியிலிருந்து பிரியும் தடத்தை ஐந்து பெட்டித் தடமாகக் கொண்டால் மொத்தம் 380+185+80+420=1065 மிமீ. இரண்டாம் பாதைமாற்றியைத் தாண்டிய மூன்று பெட்டித் தடங்களுக்கு 380+185+185+80+260=1090 மிமீ. இரு முனைகளிலும் தடுப்புகளுக்கு 30 மிமீ வீதம் சேர்த்தால் 1150 மிமீ. ஆக 1.2 மீட்டர் நீளமும் 30 செமீ அகலமும் கொண்ட பலகை போதுமானது. பாதைமாற்றிகளுள் ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் பிரிவதாக இருப்பின் தடங்கள் ஒன்றையொன்று நெருக்கா. பிரித்தானிய என் அளவில் இதே அமைப்பு ஏறத்தாழ 60 முதல் 65 செமீ நீளத்தில் அடங்கும்.

புதியவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு. பெட்டியின் உடலை மட்டும் அளந்து கொக்கிகளை விட்டுவிடுவது ஒன்று. பெட்டிக்கு 8 மிமீ விடுபட்டாலும் ஐந்து பெட்டிகளில் 40 மிமீ குறையும். உரசல் எல்லையை மறப்பது மற்றொன்று. தாளில் எல்லாம் சரியாக இருக்கும், தண்டவாளத்தை ஆணி அடித்த பின்னரே பெட்டிகள் உரசுவது தெரியவரும். வெவ்வேறு நீளமுள்ள பெட்டிகளைக் கலந்து வாங்குவதும் இக்கணக்கைக் கெடுக்கும். எட்டுப் பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருப்பது நல்லது.

இன்னும் குறைந்த இடமே உள்ளவர்கள் 3-2-2 என்னும் சிறுவடிவை அமைப்பதுண்டு. அதில் ஐந்து பெட்டிகளிலிருந்து மூன்றை வரிசைப்படுத்த வேண்டும். வாய்ப்புகள் 60 மட்டுமே என்பதால் விரைவில் பழகிவிடும்.

டைம்சேவர் அமைப்பு

அமெரிக்கரான ஜான் ஆலன் வடிவமைத்த டைம்சேவர், மாடல் ரெயில்ரோடர் இதழில் 1972 இல் வெளிவந்தது. ஐந்து பாதைமாற்றிகளும், எஞ்சின் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் வரும் சுற்றுத்தடமும் கொண்ட இது, கடிகாரத்தை வைத்துப் போட்டியிடுவதற்கானது. குறைந்த நேரத்தில் முடித்தவர் வெற்றி பெறுவார். மெய்யான எந்தத் தொடருந்து நிறுவனமும் வேண்டுமென்றே இவ்வளவு சிக்கலான யார்டைக் கட்டாது என்னும் குறை இதன்மேல் சொல்லப்படுகின்றது. அது நியாயமானதே. முதல் தளவமைப்புக்கு இங்கில்நூக்கே ஏற்றது, நண்பர்கள் கூடும் மாலைக்கு டைம்சேவர்.

சிறிய தளவமைப்புகளைத் தனி வகையாகவே வளர்த்தவர்களுள் அமெரிக்கரான கார்ல் ஆரென்ட் குறிப்பிடத்தக்கவர். ஏறத்தாழ மூன்று நான்கு சதுர அடிக்குள் அடங்கி, தெளிவான ஒரு வேலையைச் செய்யும் தளவமைப்புகளை அவர் தொகுத்து வெளியிட்டார். மேலே கணக்கிட்ட ஓஓ பலகையின் பரப்பு நான்கு சதுர அடிக்குள் வருவது கவனிக்கத்தக்கது.

இந்தியத் தொடருந்துகள்

இந்திய அகலப்பாதை 1676 மிமீ. எச்ஓ விகிதத்தில் அது 19.3 மிமீ ஆகும். எனவே 16.5 மிமீ பாதையில் ஓடும் இந்திய மாதிரிகளின் பாதை மெய்யானதைவிடக் குறுகலாகவே இருக்கும். மீட்டர் பாதை 1:87 விகிதத்தில் 11.5 மிமீ. ஐரோப்பிய மீட்டர் பாதை மாதிரிகளுக்காகக் கிடைக்கும் 12 மிமீ தண்டவாளம் இதற்கு மிக அருகில் உள்ளது. குட்டையான பெட்டிகளும் கூர்மையான வளைவுகளும் கொண்ட நீலகிரி மலைத் தொடருந்து சிறிய இடத்துக்கு இயல்பாகவே பொருந்துவது. ஆயினும் அதன் பற்சட்டப் பாதையின் சாய்வைச் சாதாரண மாதிரி எஞ்சின்கள் ஏறமாட்டா. மலையடிவார நிலையத்தைச் சமதளத்தில் அமைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடிப்பலகையும் மின்னிணைப்பும்

6 முதல் 9 மிமீ ஒட்டுப்பலகையின் கீழே சட்டங்களை அடித்தால் போதிய உறுதி கிடைக்கும். சட்டமில்லாத பலகை ஈரப்பதத்தால் வளையும். பலகை வளைந்தால் அதன் மேலுள்ள பாதைமாற்றியும் முறுக்கிக்கொள்ளும். ஒருவர் தனியாகத் தூக்கிக் கதவு வழியாக எடுத்துச் செல்லக்கூடிய அளவே முதல் பலகைக்கு உச்ச வரம்பு. வீடு மாறும்போது இதன் அருமை தெரியும்.

ஒரே எஞ்சின் ஓடும் தளவமைப்புக்கு 12 வோல்ட்டு நேர்மின்னோட்டக் கட்டுப்படுத்தியும் இரண்டு கம்பிகளும் போதுமானவை. பல எஞ்சின்களைத் தனித்தனியே ஒரே தடத்தில் கட்டுப்படுத்தும் டி.சி.சி. எனப்படும் எண்முறைக் கட்டளை முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரித் தொடருந்துச் சங்கம் 1990களில் சீர்தரமாக்கியது. அது பயனுள்ளதே, எனினும் இங்கில்நூக் அமைப்புக்குக் கட்டாயமன்று.

செலவைக் குறைக்கக் கூடாத இடம் பாதைமாற்றி. தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் முனை நெகிழியால் ஆனதாக இருப்பின், அவ்விடத்தில் மின்சாரம் இராது. நீண்ட எஞ்சின் அதனைத் தாண்டிவிடும். ஷண்டிங்குக்குரிய குட்டை எஞ்சினோ, அதுவும் மெதுவாகச் செல்லும்போது, சரியாக அங்கேயே நின்றுவிடும். மின்னோட்டம் பாயும் உலோக முனையுள்ள பாதைமாற்றியை வாங்கி, அம்முனையின் மின்முனைவைப் பாதை திரும்பும்போதே மாற்றும் ஆளியை இணைப்பது சிறந்தது. இவ்வாறு செய்கையில் சில வகைப் பாதைமாற்றிகளில் முனையை அடுத்த தண்டவாளங்களில் காப்பு இணைப்பிகள் இட வேண்டும். இல்லையேல் குறுக்குச்சுற்று ஏற்படும். தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தொட்ட துணியால் அவ்வப்போது துடைப்பது, நின்றுபோகும் எஞ்சின்களுக்கான மலிவான மருந்து.

வரைபடமும் ஒத்திகையும்

எக்ஸ்டிராக்கேட் என்னும் கட்டற்ற மென்பொருள், பல நிறுவனங்களின் தண்டவாள அளவுகளோடு கணினியில் வரைபடம் தயாரிக்க உதவுகின்றது. கையால் வரையும் வரைபடங்களில் பாதைமாற்றிகள் எப்போதும் மெய்யானவற்றைவிடக் குட்டையாக அமைந்துவிடும். மென்பொருள் அவ்வாறு ஏமாற விடாது. ஆனால் திரையில் எதையும் எளிதில் சேர்க்க முடிவதால், தேவையில்லாத தடங்கள் பெருகும் தீங்கும் இதில் உண்டு.

பீக்கோ நிறுவனம் தன் பாதைமாற்றிகளின் முழு அளவுத் தாள் வார்ப்புருக்களை இலவசமாக வழங்குகின்றது. அவற்றை 100 விழுக்காடு அளவில் அச்சிட்டு, அச்சான தாளை அளவுகோலால் சரிபார்த்து, மேசை மேல் ஒட்டி, இரண்டு மூன்று பெட்டிகளை மட்டும் வாங்கி அவற்றின் மேல் நிறுத்திப் பார்க்கலாம். மீதிப் பெட்டிகளுக்கு அதே நீளத்தில் அட்டைத் துண்டுகளை வெட்டிக்கொள்ளலாம். விரலால் அட்டைகளைத் தள்ளியே ஓர் இங்கில்நூக் ஆட்டத்தை முழுதாக ஆடிவிட முடியும். மூன்றாவது அட்டை பாதைமாற்றியின் மேல் நிற்பது அப்போதே தெரிந்துவிட்டால், இழுவைத் தடத்தை இரண்டு சென்டிமீட்டர் நீட்ட ஒரு பென்சிலும் அழிப்பானும் மட்டுமே செலவாகும்.